ஓடுகளம்: வாசகர் கேள்வி-பதில் – 1500 மீட்டரிலிருந்து மாரத்தான் வரை, சிஃபான் ஹசன்

பாரிஸ் ஒலிம்பிக் மாரத்தானில் தங்கம் வென்ற நெதர்லாந்து வீராங்கனை சிஃபான் ஹசனைப் பற்றி ஒரு சிறு குறிப்பு வெளியிட்டிருந்தோம். அதைப் படித்த பலர் கேள்விகள் அனுப்பியிருக்கிறார்கள். அதனால் இந்த இதழ்ப் பகுதி முழுவதையும் அவருக்கே ஒதுக்கிவிட்டோம்.

எத்தியோப்பியாவில் பிறந்தவர் நெதர்லாந்துக்காக ஓடுகிறாரே, எப்படி? அவர் 1500 மீட்டர்காரரா, மாரத்தான்காரரா? – வாசகி, திண்டுக்கல்

இரண்டும்தான். நடுவில் இருக்கிற 5000, 10,000 மீட்டரும் அவருடையவைதான்.

1993-இல் எத்தியோப்பியாவின் அடாமா நகரில் பிறந்தவர். 2008-இல், 15 வயதில், அகதியாக நெதர்லாந்து போய்ச் சேர்ந்தார். அங்கே செவிலியர் படிப்பு படித்துக்கொண்டே ஓடினார். 2013 நவம்பரில் நெதர்லாந்துக் குடியுரிமை கிடைத்தது. அடுத்த மாதமே பெல்கிரேடில் நடந்த ஐரோப்பிய குறுக்குநாட்டு ஓட்டத்தில் 23 வயதுக்குட்பட்டோர் பிரிவில் தங்கம். 2014-இல் சூரிச்சில் நடந்த ஐரோப்பிய சாம்பியன்ஷிப்பில் 1500 மீட்டர் தங்கமும் 5000 மீட்டர் வெள்ளியும் எடுத்தார். 2015 பெய்ஜிங் உலகப் போட்டியில் 1500 வெண்கலம், 2016 ரியோ ஒலிம்பிக்கில் அதே ஓட்டத்தில் ஐந்தாம் இடம்.

பெரிய திருப்பம் 2019. ஜூலை 12-ஆம் தேதி மொனாக்கோவில் ஒரு மைலை 4:12.33-இல் ஓடி அன்றைய உலக சாதனை. அந்த இலையுதிர்காலத்தில் தோஹா உலகப் போட்டியில் 1500, 10,000 இரண்டிலும் தங்கம். ஒரே உலகப் போட்டியில் இந்த இரண்டையும் ஒருவர் வென்றது அதுவே முதல் முறை. அதன் பிறகு டோக்கியோ ஒலிம்பிக்கில் மூன்று பதக்கம், லண்டன், சிகாகோ மாரத்தான் வெற்றிகள், பாரிஸில் மறுபடி மூன்று பதக்கம். 2025 ஆகஸ்டில் சிட்னி மாரத்தானையும் வென்றிருக்கிறார்.

1500 மீட்டருக்கு வேகம் வேண்டும், மாரத்தானுக்குத் தம் வேண்டும் என்பார்கள். ஒரே உடம்பில் இரண்டும் எப்படி? – கல்லூரி மாணவர், திருநெல்வேலி

அப்படிச் சொல்வதில் பாதிதான் உண்மை. நான்கு நிமிட ஓட்டமான 1500-லேயே தேவைப்படும் ஆற்றலில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு மூச்சுக்காற்றைக் கொண்டு எரிப்பதால்தான் கிடைக்கிறது. 5000 மீட்டரில் அது பத்தில் ஒன்பதுக்கும் மேலே போய்விடும். மாரத்தானில் கிட்டத்தட்ட முழுவதும் அதுதான். ஆகவே 1500-க்கும் மாரத்தானுக்கும் எஞ்சின் ஒன்றே. வேறுபடுவது அதன் மேல் எதைப் பூட்டுகிறோம் என்பது.

அவருடைய சிறந்த நேரங்களை 400 மீட்டர் சுற்றாக வகுத்துப் பார்த்தால் இது விளங்கும். 1500-ஐ 3:51.95-இல் ஓடியபோது ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 62 விநாடி. 10,000 மீட்டரில் அவருடைய 29:06.82 என்பது ஒரு சுற்றுக்கு 70 விநாடிக்கும் சற்றுக் குறைவு. அதே வேகத்தில் 25 சுற்று. சிகாகோவில் 2:13:44 ஓடியது கிலோமீட்டருக்கு 3 நிமிடம் 10 விநாடி, அதாவது சுற்றுக்கு 76 விநாடி. 1500-க்கும் மாரத்தானுக்கும் தூரம் 28 மடங்கு கூடுகிறது. சுற்றுக்குக் கூடுவது வெறும் 14 விநாடி!

இங்கே வேகத்தின் பயன் வருகிறது. 62 விநாடியில் சுற்றுகிற காலுக்கு 76 விநாடிச் சுற்று நிதானமான ஓட்டம். அடி வைப்பதில் வீண் ஆட்டம் இல்லை, ஒவ்வோர் அடிக்கும் செலவாகும் ஆற்றல் குறைவு. ஹசன் 2017-இல் 800 மீட்டரை 1:56.81-இல் ஓடியவர். அந்த வேகத்தை முதலில் கட்டி, அதன் மேல் ஆண்டுக்கு ஆண்டு தூரத்தை ஏற்றியிருக்கிறார். தலைகீழாகப் போனால், அதாவது பல ஆண்டு மெதுவாகவே நீளமாக ஓடிவிட்டு 28 வயதில் வேகம் தேடினால், அது வருவது கடினம்.

ஆனால் தூரம் ஏற ஏற வேகம் தானாக நின்றுவிடாது. அதைப் பேணவும் வேண்டும். 1500 ஓடுபவர் வாரம் 110 முதல் 140 கிலோமீட்டர் ஓடுவது வழக்கம். மாரத்தானுக்கு அது 160 முதல் 200 வரை போகும். அந்தக் கூடுதல் கிலோமீட்டர்கள் கெண்டைக்காலையும் தொடையையும் மந்தமாக்கும். அதனால் மாரத்தான் பயிற்சியிலும் வாரம் இரண்டு நாள் மெது ஓட்டத்துக்குப் பிறகு 8 முறை 100 மீட்டர் விரைவோட்டம் வைப்பார்கள். முழு வேகம் தேவையில்லை, 1500 போட்டி வேகம் போதும். ஒவ்வொன்றுக்கும் நடுவில் மூச்சு அடங்கும்வரை நடை. பலர் நேரமில்லை என்று முதலில் வெட்டுவது இதைத்தான். பந்தயத்தின் கடைசி 300 மீட்டரில் கால் எழும்பாமல் போவதற்கும் பெரும்பாலும் இதுதான் காரணம்.

டோக்கியோவில் கீழே விழுந்து எழுந்து முதலிடம் வந்தாரே, விழுந்தவர் தொடர்ந்து ஓட விதி அனுமதிக்கிறதா? – வாசகர், அரியலூர்

தாராளமாக. யாருடைய உதவியும் இல்லாமல், ஓடுபாதையின் உள்கோட்டைத் தாண்டாமல், எழுந்து ஓடினால் எந்தத் தடையும் இல்லை. ஒருவர் தள்ளியோ குறுக்கிட்டோ விழுந்திருந்தால், தகுதிச்சுற்றில் நடுவர் அவரை அடுத்த சுற்றுக்கு அனுப்பவும் அதிகாரம் உண்டு. ஹசனுக்கு அது தேவைப்படவில்லை.

அது நடந்தது 2021 ஆகஸ்ட் 2 காலை, 1500 மீட்டர் தகுதிச்சுற்றில். கடைசிச் சுற்று தொடங்கும் நேரத்தில் முன்னால் ஓடிய கென்ய வீராங்கனை தடுமாறி விழ, அவர்மேல் இடறி ஹசனும் விழுந்தார். எழும்போது கடைசி ஆள். மீதி இருந்தது ஒரு சுற்றுக்கும் குறைவு. ஒவ்வொருவராகக் கடந்து 4:05.17-இல் முதலில் வந்தார். அன்று மாலையே 5000 மீட்டர் இறுதியில் தங்கம்.

இதில் கற்றுக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. விழுந்து எழுந்தவுடன் முதல் 50 மீட்டரில் முழு வேகத்தில் பாய்வதுதான் எல்லோரும் செய்யும் தவறு. பதற்றத்தில் பாய்ந்தால் லாக்டேட் (கடும் ஓட்டத்தில் தசையில் சேரும் பொருள்) ஒரேயடியாக ஏறி, கடைசி 150 மீட்டரில் கால் கட்டிப்போகும். அந்தக் காணொளியைப் பாருங்கள்: ஹசன் எழுந்து, முதலில் கூட்டத்தின் வாலைப் பிடிக்கிறார். எதிர்நேர்பாதையில் வெளிப்பக்கமாக ஏறுகிறார். கடைசி வளைவு முடியும்போதுதான் முன்வரிசை.

எல்லா வீழ்ச்சியும் இப்படி முடிவதில்லை. 2023 புடாபெஸ்ட் உலகப் போட்டியில் 10,000 மீட்டர் இறுதியில் முதலாவதாக வந்துகொண்டிருந்தவர், கோட்டுக்கு 30 மீட்டருக்கும் குறைவான தூரத்தில் தடுக்கி விழுந்து 11-ஆம் இடத்துக்குப் போனார். தங்கம் எத்தியோப்பியாவின் குடாஃப் செகேவுக்கு. அன்று பகலில்தான் ஹசன் 1500 தகுதிச்சுற்றும் ஓடியிருந்தார். சோர்ந்த கால் ஒரு விரற்கடை குறைவாக உயரும், அவ்வளவுதான். பக்கத்தில் ஒருவர் உரசிக்கொண்டு வரும்போது அந்த விரற்கடை போதும்.

எப்போதும் கூட்டத்தின் கடைசியிலேயே ஓடுகிறார். முன்னால் போய்விட்டால் பாதுகாப்பு இல்லையா? – உடற்கல்வி ஆசிரியை, கோவில்பட்டி

ஆசிரியை என்பதால் கணக்கோடு சொல்கிறோம். ஓடுபாதையின் ஒரு தடம் 1.22 மீட்டர் அகலம். முதல் தடத்தை விட்டு இரண்டாவதில் ஒரு வளைவு முழுதும் ஓடினால் கூடுதலாக 3.83 மீட்டர் ஓட வேண்டும். 5000 மீட்டரில் 25 வளைவுகள். எல்லா வளைவிலும் வெளியே ஓடியவர் ஏறக்குறைய 95 மீட்டர் அதிகம் ஓடி முடிப்பார். பெரிய போட்டி ஒன்றில் 95 மீட்டர் என்றால் தங்கத்துக்கும் பத்தாமிடத்துக்கும் உள்ள தூரம்.

முன்வரிசையில் இடம் பிடிக்க முட்டி மோதுபவர்கள்தான் பெரும்பாலும் இரண்டாம் தடத்தில் மாட்டிக்கொள்கிறார்கள். கடைசியில் இருப்பவருக்கு உள்கோடு காலியாகக் கிடைக்கும். முன்னால் பத்து பேர் காற்றை வெட்டிக்கொடுக்கிறார்கள். முன்னால் நடக்கும் வேக மாற்றங்களை அவர் உடனுக்குடன் பின்தொடரத் தேவையில்லை. இரண்டு சுற்றில் மெல்ல ஈடுசெய்தால் போதும். உலகப் போட்டியிலும் ஒலிம்பிக்கிலும் வேகம் காட்டி இழுத்துச்செல்லும் பேஸ்மேக்கர்கள் கிடையாது. ஆகவே வேகம் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். அந்த ஏற்ற இறக்கம்தான் ஆளைத் தின்பது.

இதற்கு விலையும் உண்டு. வரிசை நீண்டு நடுவில் ஒருவர் அறுந்துவிட்டால், கடைசியில் இருப்பவர் இடைவெளியைத் தாமதமாகத்தான் பார்ப்பார். ஹசன் இதற்காகவே 800 மீட்டர் மீதி இருக்கும்போது படிப்படியாக மேலே வரத் தொடங்குவார். தோஹாவில் 10,000 மீட்டரின் கடைசி 1500-ஐ 4 நிமிடத்துக்குள் ஓடினார். இவ்வளவு முடிவேகம் இல்லாத மாணவியைக் கடைசியில் ஓடச் சொல்லாதீர்கள். நான்காவது ஐந்தாவது இடத்தில், உள்கோட்டை ஒட்டி, முன்னவரின் வலத்தோளுக்கு நேர் பின்னால் வைத்துப் பழக்குங்கள். உள்ளே அடைபட்டால் வெளியேற அரை அடி வழி இருக்கும்.

ஒரே ஒலிம்பிக்கில் 5000, 10,000, மாரத்தான்! நடுவில் உடம்பு எப்படித் தேறுகிறது? – வாசகர், புதுச்சேரி

முதலில் அட்டவணை. டோக்கியோவில் 9 நாளில் 6 ஓட்டங்கள், மொத்தம் 24,500 மீட்டர்: 5000 தங்கம், 1500 வெண்கலம், 10,000 தங்கம். பாரிஸில் 2024 ஆகஸ்ட் 2-ஆம் தேதி 5000 தகுதிச்சுற்று, 5-ஆம் தேதி 5000 இறுதி, 9-ஆம் தேதி இரவு 10,000 இறுதி, 11-ஆம் தேதி காலை 8 மணிக்கு மாரத்தான். மொத்தம் 62 கிலோமீட்டருக்கும் மேல். 10,000 முடிந்ததற்கும் மாரத்தான் தொடங்கியதற்கும் நடுவே ஏறக்குறைய 35 மணி நேரம்தான்.

இந்த 35 மணி நேரத்தில் ஈடுசெய்யக்கூடியது, ஈடுசெய்ய முடியாதது என்று இரண்டு உண்டு. தசையில் சேமித்திருக்கும் மாவுச்சத்தை, அதாவது கிளைகோஜனை, ஒரு நாளில் நிரப்பிவிடலாம். உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 8 முதல் 10 கிராம் மாவுச்சத்து தேவை. 50 கிலோ எடையுள்ளவருக்கு 400 முதல் 500 கிராம். நம் சாப்பாட்டில் சொன்னால், 400 கிராம் என்பது ஏறக்குறைய ஒன்றே கால் முதல் ஒன்றரை கிலோ சோறு! அதை ஒரே நாளில் வயிறு தாங்காது. அதனால் ஓட்டம் முடிந்த அரை மணிக்குள் தொடங்கி முதல் நான்கு மணி நேரம், மணிக்கு 50 கிராம் அளவில் பானமாகவும் வாழைப்பழம், ரொட்டி, ஜாம் என நார் குறைந்தவையாகவும் எடுத்துக்கொள்வார்கள். கூடவே 20 முதல் 25 கிராம் புரதம்.

ஈடுசெய்ய முடியாதது தசைநார்களின் நுண்கிழிசல். ஸ்பைக்ஸ் எனும் ஆணி பதித்த காலணியில் குதிகால் தாழ்ந்திருப்பதால் 10,000 மீட்டருக்குப் பிறகு கெண்டைக்கால் இரண்டு மூன்று நாள் வலிக்கும். அது 35 மணி நேரத்தில் ஆறாது. பிறகு எப்படி? ஏற்கெனவே ஆண்டுக்கணக்கில் வாரம் 160 கிலோமீட்டருக்கு மேல் தாங்கிய தசையில் கிழிசல் குறைவாகவே விழும். தேறுவதற்கான உண்மையான பயிற்சி போட்டி வாரத்தில் நடப்பதில்லை, முந்தைய ஆண்டுகளில் நடந்து முடிந்துவிடுகிறது. ஒரு விடுதி அறையில் ஐஸ் தொட்டியில் உட்கார்ந்து இதைச் சம்பாதிக்க முடியாது.

பாரிஸ் 10,000-இல் அவர் தங்கத்தை இழந்தது ஒரு விநாடிக்கும் குறைவான வித்தியாசத்தில்: வென்ற கென்யாவின் பீட்ரிஸ் செபெட் 30:43.25, மூன்றாவதாக வந்த ஹசன் 30:44.12. ஆக, மாரத்தானுக்காக அவர் அங்கே மிச்சம் பிடிக்கவில்லை. எங்களுக்கு அவருடைய ஓட்டங்களில் மிகவும் மதிப்புள்ளதாகத் தோன்றுவது அந்த வெண்கலம்தான்.

லண்டன் மாரத்தானில் நடுவழியில் நின்று காலை நீட்டினார், பிறகு ஜெயித்தார் என்கிறார்கள். நம்ப முடியவில்லை. – வாசகி, நாமக்கல்

நம்பலாம். 2023 ஏப்ரல் 23, அவருக்கு அது முதல் மாரத்தான். இடுப்பில் வலி பிடித்துக்கொள்ள, நின்று தொடையையும் இடுப்பையும் நீட்டினார். முன்கூட்டம் அரை நிமிடத்துக்கு அருகில் முன்னால் போய்விட்டது. பதறாமல், பல கிலோமீட்டருக்குப் பரப்பி அந்த இடைவெளியை மூடினார். கடைசி நேர்பாதையில் அலெமு மெகெர்ட்டுவையும் அப்போதைய ஒலிம்பிக் சாம்பியன் பெரெஸ் ஜெப்சிர்சிரையும் கடந்து 2:18:33-இல் முடித்தார். இரண்டாமவர் நான்கு விநாடி பின்னால். 1500 மீட்டர்காரியின் கால் அது.

அதே ஓட்டத்தில் இன்னொரு காட்சி. பானம் வைத்த மேசையைக் கவனிக்காமல் போய், சட்டென்று சாலையின் குறுக்கே பாய்ந்து குப்பியை எடுக்கப் போனார். பின்னால் வந்த மோட்டார் சைக்கிள் மயிரிழையில் விலகியது. ஓட்டத்துக்கு முந்தைய வாரங்கள் ரமலான் மாதம். நோன்பு நோற்றபடியே பயிற்சி செய்தார். ஓடிக்கொண்டே குடித்துப் பழக அவருக்கு வாய்ப்பு கிடைக்கவில்லை.

மாரத்தானுக்குப் புதிதாக வரும் தட ஓட்டக்காரர்கள் எல்லோருமே தடுமாறும் இடம் இது. தடத்தில் யாரும் தின்பதுமில்லை, குடிப்பதுமில்லை. மாரத்தானில் கிலோ எடைக்குக் கிலோமீட்டருக்கு ஏறக்குறைய ஒரு கலோரி செலவு. 50 கிலோ எடைக்கு மொத்தம் 2,100 கலோரி. தசையிலும் கல்லீரலிலும் இருக்கும் மாவுச்சத்து ஏறக்குறைய 2,000 கலோரி. அதிலும் கடைசிச் சொட்டுவரை பயன்படுத்த முடியாது. 32-ஆவது கிலோமீட்டருக்குப் பிறகு பலர் சுவரில் மோதியதுபோல நின்றுவிடுவது இதனால்தான். கொழுப்பு எரியும், ஆனால் மெதுவாக எரியும். லண்டனில் ஹசன் ஓடிய, கிலோமீட்டருக்கு 3:17 என்ற வேகத்துக்கு அது போதாது.

முன்னணி வீரர்களுக்கு ஒவ்வொரு 5 கிலோமீட்டருக்கும் தனி மேசை உண்டு. 40 வரை எட்டு மேசை. ஒவ்வொன்றிலும் 150 முதல் 200 மில்லிலிட்டர் பானம், அதில் 20 கிராம் மாவுச்சத்து. எட்டையும் குடித்தால் 160 கிராம், மணிக்கு 70 கிராம் கணக்கு. குளுக்கோஸ் மட்டுமே என்றால் குடல் மணிக்கு 60 கிராமுக்கு மேல் உறிஞ்சாது. ஃப்ரக்டோஸையும் கலந்தால் 90 வரை போகும். பழகாத வயிற்றில் 90 கிராம் ஊற்றினால் குமட்டலும் வயிற்றுப்போக்கும்தான் மிச்சம். மணிக்கு 30 கிராமில் தொடங்கி, எட்டு பத்து வாரத்தில் நீண்ட ஓட்டங்களில் ஏற்ற வேண்டும்.

குப்பியை எடுப்பதற்கும் முறை இருக்கிறது. மணிக்கு 18 கிலோமீட்டர் வேகத்தில் வரும்போது குப்பியைக் கையால் பிடித்தால் தட்டிப் பறக்கும். அதனால் வளையம் மாதிரி ஒரு கைப்பிடி ஒட்டி, பளிச்சென்ற நாடா கட்டி வைப்பார்கள். விரலை வளையத்தில் கோத்து இழுத்தால் வந்துவிடும். மேசைக்கு 50 மீட்டர் முன்பே அந்தப் பக்கம் ஒதுங்கிவிட வேண்டும். மூன்று நான்கு சிறு வாய், விழுங்கியபின் மூச்சு. ஒரே மடக்கு கூடாது.

அடுத்த மாரத்தானிலேயே இதையெல்லாம் சரிசெய்துகொண்டார் என்பது நேரத்தில் தெரிகிறது: அக்டோபர் 8, சிகாகோ, 2:13:44. அன்றைக்கு உலகில் அதைவிட வேகமாக ஓடியிருந்த பெண் எத்தியோப்பியாவின் டிகிஸ்ட் அசெஃபா ஒருவர்தான்.

பாரிஸ் மாரத்தான் முடிவில் முழங்கையால் இடித்தார் என்று புகார் எழுந்ததே? – வாசகர், மதுரை

முடிவுக்குச் சில நூறு மீட்டர் இருக்கும்போது வளைவில் ஹசன் உட்பக்கமாக நுழைய, அசெஃபா உள்ளே நெருக்க, இருவரும் தோளும் கையும் உரசிக்கொண்டார்கள். எத்தியோப்பியத் தரப்பு முறையிட்டது. மேல்முறையீட்டுக் குழு தள்ளுபடி செய்தது. ஹசன் 2:22:55, ஒலிம்பிக் சாதனை. அசெஃபா 2:22:58. எங்கள் பார்வையில் அது இருவரும் ஒரே இடத்துக்குப் போட்டியிட்ட உரசல். உள்வழி திறந்திருந்தபோது அதில் நுழைந்தது குற்றமாகாது.

அந்தப் பாதையையும் சொல்ல வேண்டும். நகர மன்றத்திலிருந்து வெர்சாய் போய்த் திரும்பும் வழியில் மொத்தம் 436 மீட்டர் ஏற்றம். ஓரிடத்தில் சரிவு 13.5 சதவீதம். 42 கிலோமீட்டர் இப்படி ஏறி இறங்கியபின் மூன்று விநாடியில் தீர்ப்பு.

ஸாட்டோபெக்கோடு ஒப்பிடுகிறார்களே, சரியா? – வாசகர், கும்பகோணம்

செக்கோஸ்லோவாக்கியாவின் எமில் ஸாட்டோபெக் 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் 5000, 10,000, மாரத்தான் என இதே மூன்றிலும் தங்கம் வென்றார். அவருக்குப் பிறகு ஒரே ஒலிம்பிக்கில் மூன்றிலும் பதக்கம் பெற்றவர் ஹசன்தான். மூன்றும் தங்கம் என்ற வகையில் ஸாட்டோபெக் தனி. நேரத்தில் ஒரு வியப்பு உண்டு: ஸாட்டோபெக்கின் அன்றைய மாரத்தான் 2:23:03, ஹசனின் பாரிஸ் நேரம் அதைவிட 8 விநாடி குறைவு.

தோஹாவில் அவருடைய பயிற்சியாளர் தடை செய்யப்பட்டாரே. அந்த வெற்றிகளை நம்பலாமா? – வாசகர், சேலம்

2016-இன் இறுதியிலிருந்து ஹசன் அமெரிக்காவில் ஆல்பர்டோ சலசாரின் நைக்கி ஒரிகான் குழுவில் பயிற்சி பெற்றார். ஊக்கமருந்து விதிமீறல்களுக்காகச் சலசாருக்கு நான்காண்டுத் தடை அறிவிக்கப்பட்டது 2019 செப்டம்பர் இறுதியில். ஹசன் 10,000 வென்று, 1500-க்குக் காத்திருந்த நாட்களில். அந்த வழக்கின் குற்றச்சாட்டுகள் ஹசன் அங்கே சேர்வதற்கு முந்தைய காலத்தவை. அவர்மேல் எந்தக் குற்றச்சாட்டும் இல்லை. குழு கலைக்கப்பட்டபின் டிம் ரோபெரியிடம் பயிற்சியைத் தொடர்ந்தார். அவருடைய பெரும் வெற்றிகளில் பாதிக்கு மேல் அதற்குப் பிறகு வந்தவை.

உங்கள் கேள்வியில் தவறில்லை. இந்த விளையாட்டை நேசிக்கிறவர்கள் கேட்டே ஆக வேண்டிய கேள்வி. சோதனை எப்படி நடக்கிறது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். இந்த நிலையில் ஓடுகிறவர்கள் ஒவ்வொரு காலாண்டுக்கும் தாங்கள் தங்கும் இடம், பயிற்சி இடம் எல்லாம் முன்கூட்டியே பதிய வேண்டும். தினமும் காலை 5 மணிக்கும் இரவு 11-க்கும் இடையே ஒரு மணி நேரத்தைக் குறித்து, அந்த நேரத்தில் சொன்ன இடத்தில் இருக்க வேண்டும். 12 மாதத்துக்குள் மூன்று முறை தவறினால், மருந்து எதுவும் எடுக்காவிட்டாலும் விதிமீறல்தான். பொதுவாக இரண்டாண்டுத் தடை.

ஓடியே பிழைக்க முடியுமா? – வாசகர், ஆம்பூர்

உச்சியில் இருக்கும் சிலரால் முடியும். 2019 உலகப் போட்டியில் ஒரு தங்கத்துக்கு 60,000 டாலர், ஆண்டுதோறும் பல நகரங்களில் நடக்கும் டைமண்ட் லீக் தடகளத் தொடரின் இறுதி வெற்றிக்கு 50,000 டாலர். அந்த ஆண்டு ஹசன் இரண்டு உலகத் தங்கங்களோடு டைமண்ட் லீக்கில் 1500, 5000 இரண்டு இறுதிகளையும் வென்றார். சிகாகோ மாரத்தானில் முதல் பரிசு ஒரு லட்சம் டாலர், பாதைச் சாதனைக்குத் தனி ஊக்கத்தொகை. பாரிஸில் தடகள ஒலிம்பிக் தங்கத்துக்கு உலகத் தடகள அமைப்பு முதல் முறையாக 50,000 டாலர் கொடுத்தது. இதில் மேலாளருக்கு ஒரு பங்கு, பயிற்சியாளர், பிசியோ, மலைமுகாம், வரி எல்லாம் போகும். காலணி நிறுவன ஒப்பந்தம்தான் முதுகெலும்பு. தட ஓட்டக்காரர்கள் முப்பதை நெருங்கும்போது மாரத்தானுக்கு மாறுவதில் பணத்துக்கும் பங்கு உண்டு. அதைச் சொல்லத் தயங்க வேண்டியதில்லை.

என் மகளுக்கு 14 வயது, 3000 மீட்டர் நன்றாக ஓடுகிறாள். இப்போதே மாரத்தான் பயிற்சி தரலாமா? – ஒரு தாய், தர்மபுரி

வேண்டாம் அம்மா. ஒலிம்பிக்கிலும் உலகப் போட்டியிலும் மாரத்தான் ஓட அந்த ஆண்டு டிசம்பர் 31-இல் 20 வயது நிறைந்திருக்க வேண்டும். 20 வயதுக்குட்பட்டோர் உலகப் போட்டியில் பெண்களுக்கு மிக நீண்ட ஓட்டமே 5000 மீட்டர்தான். ஹசன் தம் முதல் மாரத்தானை ஓடியது 30 வயதில்.

இந்த வயதில் வாரம் ஐந்து நாள், மொத்தம் 25 முதல் 35 கிலோமீட்டர் போதும். அதில் ஒரே ஒரு நாள் கடினப் பயிற்சி, உதாரணமாக 6 முறை 400 மீட்டர், நடுவில் இரண்டு நிமிட மெது ஓட்டம். இரண்டு நாள் 80 மீட்டர் விரைவோட்டம் ஆறு. மீதி நாள், பேசிக்கொண்டே ஓடக்கூடிய வேகம். ஆண்டில் இரண்டு மூன்று முறை 800 மீட்டர் போட்டியில் ஓட விடுங்கள். அங்கே தோற்றாலும் பரவாயில்லை.

மூன்று விஷயங்களைக் கவனியுங்கள். ஒன்று, மாதவிடாய். தொடங்கியபின் மூன்று மாதம் நின்றால், "ஓடுகிற பெண்களுக்கு அப்படித்தான்" என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். உண்பது செலவுக்குப் போதவில்லை என்பதன் அடையாளம் அது. எலும்பில் விரிசல் அடுத்து வரும். மருத்துவரிடம் போங்கள். இரண்டு, இரும்புச்சத்து. ஹீமோகுளோபின் சரியாக இருந்தாலும், உடலின் இரும்பு இருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் அளவைப் பாருங்கள். மில்லிலிட்டருக்கு 30 நானோகிராமுக்குக் கீழே இருந்தால் காரணமே தெரியாமல் நேரம் சரியும். மருத்துவர் சொல்லாமல் இரும்பு மாத்திரை கொடுக்காதீர்கள். மூன்று, முழங்காலுக்குக் கீழே முன்எலும்பில் ஒரு விரலால் தொட்டுக் காட்டும்படி ஓரிடத்தில் வலி என்றால் அன்றே ஓட்டத்தை நிறுத்துங்கள். பரவலான வலிக்கு ஓரிரு நாள் ஓய்வு போதும். ஓரிடத்து வலியை அப்படி விடக்கூடாது.

அவளுக்கு ஸ்பைக்ஸ் வாங்கலாமா? எந்த அளவு ஆணி? – அதே தாய்

வாங்கலாம். மண் தடத்துக்கு 9 மில்லிமீட்டர் ஆணி, செயற்கைத் தடத்துக்கு 6 போதும். விதிப்படி செயற்கைத் தடத்தில் 9-க்கு மேல் கூடாது. அடிப்பகுதியின் தடிமன் 20 மில்லிமீட்டரைத் தாண்டக்கூடாது. 2024 நவம்பரிலிருந்து எல்லாத் தட ஓட்டங்களுக்கும் இதுவே வரம்பு. சாலைப் பந்தயக் காலணிக்கு 40 வரை உண்டு, அதைப் போட்டுக்கொண்டு தடப் போட்டிக்குப் போனால் தகுதி நீக்கம் ஆகலாம்.

முதல் நான்கு வாரம் விரைவோட்டங்களுக்கு மட்டும் ஸ்பைக்ஸ், பிறகு 400 மீட்டர் பயிற்சியில் பாதிக்கு. நேரடியாகப் போட்டியில் மாட்டிவிட்டால் மறுநாள் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டு மாடிப்படி இறங்க முடியாது. ஆணிகளை மாதம் ஒருமுறை கழற்றி, திருகு மரையில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு மாட்டுங்கள். மழையில் நனைந்து துருப்பிடித்த ஆணி பிறகு எந்தத் திருகுச்சாவிக்கும் அசையாது.